குரோட்டன் வேலி

நான் காணி வாங்கிய கதையைச் சொன்னால் என் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் சிரிப்பார்கள். யாழ்ப்பாணத்தில் மனைவிக்குச் சீதனமாக வந்த செம்மண் காணியை விற்றுவிட்டு, பதுளைப் பக்கத்தில் அட்டை கடிக்கிற காட்டை வாங்கியவன் எங்கள் பரம்பரையில் நான் ஒருவன்தான். சிரித்துவிட்டுப் போகட்டும். அந்தக் காட்டுக்குள் ஒரு தாய் தன் பிள்ளையை அடக்கம் செய்து வைத்திருந்தாள் என்பதும், அந்த இடத்தை நான் ஆள் வைத்து அழித்தேன் என்பதும் அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் நாலைந்து பேர்தான். அதில் இரண்டு பேர் கடல் கடந்து போய்விட்டார்கள்.

அப்போது நான் லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிளாக்கர். தோட்டம் கொடுத்த வீட்டில் பதினான்கு வருடம் குடியிருந்தோம். நல்ல வீடுதான்; ஆனால் வேலை இருக்கும்வரைதான் அந்தக் கூரை. துரைக்கு ஒரு நாள் காலையில் என் முகம் பிடிக்காமல் போனால் சாமானை லொறியில் ஏற்ற வேண்டியதுதான். மனைவி ஒரு ரோசாக் கன்று நட்டால்கூட, “இதை ஆருக்கு நடுறன்?” என்று கேட்டுவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றுவாள். எனக்கு அது சுருக்கென்று தைக்கும். சொந்தமாக ஒரு துண்டு நிலம், அதில் நம் இஷ்டத்துக்கு ஒரு வீடு என்ற ஆசை நாளாக நாளாக வீம்பாகவே வளர்ந்துவிட்டது.

சுதந்திரம் கிடைத்து ஆறேழு வருடம் இருக்கும். சில வெள்ளைக்காரர்கள் சின்னத் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். பசறை தாண்டி லுணுகலைக்குப் போகிற பாதையில் அப்படியொரு தோட்டம் விலைக்கு வந்தது. அதன் கீழ்ப்பகுதியை யுத்தக் காலத்திலேயே கைவிட்டுவிட்டார்கள். அங்கே வேலை செய்த குடும்பங்களை வேறு தோட்டங்களுக்கு அனுப்பிவிட்டு, அவர்கள் இருந்த லயத்து வீட்டு வரிசையைத் தகரம், கதவு, மரம் என்று கழற்றி விற்றிருந்தார்கள். பாதையோரமாக இரண்டு ஏக்கர் எனக்குக் கிடைத்தது. காணி உறுதிப் பத்திரத்தை நாலு தரம் வாசித்தேன். எல்லை, மரம், நீர், வழி எல்லாம் அதில் இருந்தது. மனிதர் இருந்ததாக ஒரு சொல் இல்லை.

தேயிலையை வெட்டாமல் விட்டால் மரமாகிவிடும் என்று எனக்குத் தெரியும். கண்ணால் பார்த்தது அங்கேதான். இடுப்பளவில் நிற்க வேண்டிய செடிகள் மூன்று ஆள் உயரத்துக்குப் போய், மேலே ஒன்றையொன்று பின்னிக்கொண்டு நின்றன. உள்ளே நுழைந்தால் நடுப்பகலிலும் அந்தி மாதிரி இருட்டு. குருவிச் சத்தம் பாதையோடு நின்றுவிடும். காட்டில் மரங்கள் கண்டபடி நிற்கும். இவை அப்படி நிற்கவில்லை. நிரை நிரையாக, இடைவெளி தவறாமல் நின்றன. காலையில் ஆள் கணக்கெடுக்கப் பெரட்டில் நிறுத்திவைத்துவிட்டு, கலைந்து போகச் சொல்ல மறந்த மாதிரி ஒரு நிற்றல். முதல் நாள் அந்த நிரைகளுக்கு நடுவே நடந்தபோது என் நெஞ்சு அடித்துக்கொண்டது. யாரோ என் வரவைக் குறித்துக்கொள்கிறார்கள் என்று தோன்றியது. முதலாளியான சந்தோஷம்தான் இப்படிப் படபடக்கிறது என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

காடு வெட்டும் வேலையைப் பக்கத்துக் கிராமத்துச் சிங்களவர் ஒருவருக்குக் கொந்தராத்தாகக் கொடுத்தேன். தோட்டத்து ஆட்களைப் பிடித்திருக்கலாம். கிளாக்கர் தன் சொந்த வேலைக்குத் தோட்டத்து ஆட்களை இழுக்கிறான் என்று துரையின் காதில் விழுந்தால் வம்பு என்று விட்டுவிட்டேன். அதுதான் முதல் பிழை. ஒரே ஒரு தோட்டத்து ஆள் அங்கே கத்தியோடு இறங்கியிருந்தால், பத்து நிமிடத்தில் கத்தியைக் கீழே வைத்திருப்பான்.

கொந்தராத்துக்காரர் ஐந்து பேரோடு வந்தார். வேலை தொடங்குமுன் ஒரு பச்சைக் கொப்பை முறித்து, எல்லையில் நின்ற முள்முருங்கையில் தொங்கவிட்டுக் கும்பிட்டார். காட்டுக்குள் போகிறவர்கள் செய்கிற வழக்கம் அது. பிறகு உள்ளே போய் ஒரு சுற்று நடந்துவிட்டுத் திரும்பினார். தனக்குத் தெரிந்த தோட்டத்துத் தமிழில், “மாத்தயா, இது சும்மா காடு இல்ல. இங்க முந்தி இருந்த ஆளுங்க யாரயும் கேட்டுட்டு வெட்டுவோம்,” என்றார்.

“யாரைக் கேட்க வேண்டும்? உறுதி என் கையில் இருக்கிறது,” என்றேன்.

அவர் தன் ஆட்களைக் கூப்பிடப் போனார். கூலியைக் கூட்டிக் கேட்பதற்கு அடி போடுகிறார் என்று நினைத்தேன். கிளாக்கர் புத்தி அப்படித்தான் போகும்.

மூன்று கிழமை வேலை. முதலில் நாயுண்ணிப் பற்றையையும் மானாப் புல்லையும் கத்தியால் சீவித் தள்ளினார்கள். பிறகு தேயிலை மரங்களைக் கோடாலியால் சரித்தார்கள். தேயிலையின் வேர் லேசில் வராது. மண்ணை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கிடக்கும். இரண்டு பேர் அலவாங்கைப் போட்டு நெம்பினால், மண்ணுக்குள் ஏதோ அறுந்துபோகிற சத்தத்தோடு வெளியே வரும். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்ப்பேன். ஒவ்வொரு கிழமையும் வானம் அகன்றுகொண்டே போனது. எரித்த அடிக்கட்டைகளின் புகை நாள் முழுக்கத் தாழ்வாகவே கிடந்தது. அதன் வாசனை என் சேட்டிலிருந்து நாலு தரம் வெளுத்தும் போகவில்லை.

இரண்டாவது ஞாயிறு கொந்தராத்துக்காரர் என்னைக் கூப்பிட்டு, தேயிலை நிரைகளுக்கு நடுவே ஆங்காங்கே நின்ற குரோட்டன் செடிகளைக் காட்டினார். இருளுக்குள் ஒடுங்கி வளர்ந்திருந்தாலும் நிறம் குறையவில்லை. சிவப்பு, மஞ்சள், பச்சையில் மஞ்சள் புள்ளி போட்டது, இலை முறுக்கிக்கொண்டது என்று பத்தொன்பது செடிகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கல் கிடந்தது. நான் துள்ளாத குறை.

“துரைசாணி வைத்த பூந்தோட்டம்!” என்றேன். “கல் எல்லாம் பாத்தி கட்டியது.”

கொந்தராத்துக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “வெட்டவா மாத்தயா?” என்று கேட்டார்.

“வெட்டுவதா? வேரோடு கிளப்பி வையுங்கள். கல்லை எல்லாம் ஒரு பக்கம் குவியுங்கள், அத்திவாரத்துக்கு உதவும்.”

தேயிலைக்கு நடுவில் எந்தத் துரைசாணி பூந்தோட்டம் போடுவாள் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. பதினான்கு வருடம் தோட்டத்தில் கிளாக்கராக இருந்தவனுக்கு, அங்கே செத்தவர்களை எங்கே கொண்டுபோகிறார்கள் என்று தெரியவில்லை. மரணம் என்றால் இரண்டு ஆளுக்கு லீவு, பெட்டிக்குப் பலகை கேட்டு ஒரு துண்டுச் சீட்டு. அவ்வளவுதான் என் மேசைக்கு வரும். எங்கள் ஊரில் எரிப்போம், சாம்பலைக் கடலில் கரைப்போம், இடம் என்று ஒன்று மிஞ்சாது. சாவுக்கு அடிக்கிற தப்பு மேளச் சத்தம் மலையடிவாரத்துக்கு இறங்கிப் போவதைக் கேட்டிருக்கிறேன். அது எங்கே போய் நிற்கிறது என்று ஒரு நாளும் ஜன்னலைத் திறந்து பார்த்ததில்லை.

பத்தொன்பது செடிகளையும் பாதையிலிருந்து வீடு வரப்போகிற இடம்வரை இரண்டு பக்கமும் வரிசையாக நடுவித்தேன். நட்ட கிழமை எல்லாம் தலையைத் தொங்கப்போட்டன. மழை விழுந்ததும் நிமிர்ந்துகொண்டன. நிலத்தைச் சரிவு வெட்டிச் சமப்படுத்தினோம். அத்திவாரத்துக்குக் கிடங்கு வெட்டி, ஒரு மூலையில் கல் வைத்துக் கட்டவும் தொடங்கினோம். பதுளையிலிருந்து தெரிந்தவர்கள் வந்தால் நான் முதலில் காட்டுவது அந்தக் குரோட்டன் வேலியைத்தான். காசு கொடுத்தாலும் இப்படி வராது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் ஆமாம் போட்டேன்.

மனைவிக்கு மட்டும் அந்த இடம் ஒட்டவில்லை. “பின்னேரத்தில ஆரோ எனக்குப் பின்னால நிக்கிற மாதிரி இருக்கப்பா,” என்றாள். “திரும்பினா ஒருத்தரும் இல்லை. ஆனா நான் கீழ பாத்துத்தான் திரும்பிறன். ஏன் கீழ பாக்கிறன் எண்டு எனக்கே விளங்கேல்லை.” நான் சிரித்தேன். காட்டைப் பார்த்துப் பழகிய கண், வெளியைப் பார்த்து மிரளுகிறது என்று விளக்கம் வேறு கொடுத்தேன்.

கட்டட வேலை தொடங்கிய மாதத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஒரு புருஷனும் பெண்சாதியும் பாதையிலிருந்து ஏறி வந்தார்கள். நாற்பது வயதுக்காரர்கள். அந்த அம்மாள் வெளுத்த சேலை உடுத்திருந்தாள். கையில் வாழையிலையில் மடித்த ஏதோ இருந்தது. வந்தவள் குரோட்டன் வரிசைக்கு நடுவே பாதி தூரத்தில் நின்றுவிட்டாள். ஒரு செடியைப் பார்த்தாள். அடுத்ததைப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி, வெட்டித் திறந்த நிலத்தை ஒரு கரையிலிருந்து மறுகரைவரை பார்த்தாள். கையிலிருந்த இலைப்பொட்டலம் கீழே விழுந்தது. உள்ளே இருந்தது சோறும் ஒரு துண்டுக் கருப்பட்டியும்.

“ஐயா, இதெல்லாம் எங்கேருந்துங்க எடுத்தீங்க?” என்று கேட்டாள்.

நான் பெருமையோடு சொன்னேன், “இங்கேயே இருந்ததுதான். துரைசாணி வைத்தது.”

“துரைசாணி வைக்கலீங்க,” என்றாள். “நாங்க வச்சோம்.”

அவள் புருஷன்தான் மெல்ல எடுத்துச் சொன்னான். அந்த லயத்தில் இருந்தவர்கள் பிள்ளைகள் செத்தால் தேயிலைக்குள்ளேதான் அடக்கம் செய்வார்களாம். பெரியவர்களுக்குத் தோட்டத்தில் தனி இடம் இருந்தது. பிள்ளைகளைக் கண்ணுக்கு எட்டின தூரத்தில் வைத்துக்கொள்வார்கள். தலைமாட்டில் ஒரு கல், கால்மாட்டில் ஒரு குரோட்டன். இவர்களுடைய மகன் இரண்டரை வயதில் காய்ச்சலில் போனான். அடுத்த வருடம் லயத்தை மூடி இவர்களை லுணுகலைப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகும் ஒவ்வொரு தைக்கும் வந்துகொண்டுதான் இருந்தார்கள். இப்போது இலங்கைப் பிரஜாவுரிமை மனு தள்ளுபடியாகிவிட்டது. இனி இங்கே இருந்து என்ன பயன் என்று, திருச்சிப் பக்கம் தகப்பன் ஊருக்கே போகிறார்கள். வியாழக்கிழமை ரயில்.

“புள்ளகிட்ட சொல்லிட்டுப் போகணும்ங்க,” என்றாள் அவள். “அதுக்குத்தான் வந்தோம். வேற தோட்டத்துக்குப் போறப்பயும் சொல்லிட்டுத்தான் போனேன். அம்மா மலைக்கு அந்தப் பக்கந்தான் இருக்கேன், வந்துருவேன்னு சொன்னேன். இப்ப சொல்லாமப் போனா, அது தேடும்ங்க. நடக்கத் தெரிஞ்ச புள்ள.”

மனைவி என் பக்கத்தில் நின்றாள். அவள் கை என் முழங்கையைப் பிடித்தது. மன்னிப்புக் கேட்கிற வழக்கம் கிளாக்கர்மாருக்குக் கிடையாது, அன்றைக்குக் கேட்டேன். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அவளுக்கு வேண்டியது இடம். என் மன்னிப்பு அல்ல.

“உங்கள் செடி எது என்று சொல்லுங்கள்,” என்றேன். “கொந்தராத்துக்காரருக்கு எங்கே கிளப்பியது என்று ஞாபகம் இருக்கும்.”

அவள் இலை முறுக்கின, மஞ்சள் புள்ளிச் செடிதான் என்றாள். அப்படி ஐந்து இருந்தது. எல்லாரும் ஒரே பங்களாத் தோட்டத்தில், தோட்டக்காரனிடம் கேட்டு ஒடித்துக்கொண்டு வந்த கொப்புகள். ஐந்தையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். “செடிய வச்சு நாங்க அடையாளம் பாக்கலீங்க,” என்றாள் கடைசியில். “நிரைய வச்சுத்தான் பாப்போம். தண்ணிப் பீலிக்கரையிலேருந்து பதினோராவது நிரை. அதுல மேலேருந்து நாலாவது தேயிலை. கண்ண மூடிக்கிட்டும் போவேன்.”

அப்போதுதான் எனக்கு முழுசாக விளங்கியது. எனக்கு அது காடு. அவளுக்கு அது காடாகவே இல்லை. கொழுந்து எடுக்கிறவர்களுக்குத் தேயிலை மலை என்பது நிரை. காலையில் கங்காணி நிரை பிரித்துக் கொடுத்தால் அன்றைக்கு அதுதான் அவர்கள் உலகம். மூன்று ஆள் உயரத்துக்கு வளர்ந்து இருட்டிக் கிடந்தபோதும் அவள் வருடா வருடம் வந்து, ஒன்று இரண்டு என்று நிரை எண்ணிக்கொண்டு நேரே பிள்ளையிடம் போயிருக்கிறாள். நான் வெட்டியது மரங்களை மட்டுமல்ல. அவள் எண்ணிக்கொண்டு போன வழியையும் வெட்டிவிட்டேன்.

ஆள் அனுப்பிக் கொந்தராத்துக்காரரை வரவழைத்தேன். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். செடிகளைக் கிளப்பி ஒரே குவியலாக வைத்ததாகவும், எது எங்கிருந்து வந்தது என்று தெரியாது என்றும் சொன்னார். “நான் அன்னிக்கே சொன்னேன் மாத்தயா,” என்று ஒரு தரம் சொன்னார். ஒரே தரம்தான்.

நான் அளக்கிற நாடாவை எடுத்தேன். தேயிலைக்குத் தேயிலை நாலடி என்று தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். பதினோரு நிரை என்றால் நாற்பத்து நாலடி. கணக்கு என் பிழைப்பு. பீலி இருந்த இடத்தை மட்டும் காட்டட்டும், மீதியை நான் கண்டுபிடித்துத் தருகிறேன் என்று நினைத்தேன். தண்ணீர் விழுந்த பீலி போய்ப் பல வருடம். ஈரமாகக் கிடந்த ஒரு பள்ளத்தைப் புருஷன் காட்டினான். இன்னும் மேலே என்றாள் பெண்சாதி. புருஷன் காட்டிய இடத்திலிருந்து அளந்தால் நாடா எங்கள் அத்திவாரக் கிடங்குக்குள் போய் நின்றது. அவள் காட்டிய இடத்திலிருந்து அளந்தால் வேலிக்குப் பக்கத்தில் வந்தது. பழைய காலத்து நிரைகள் நேராக ஓடுவதில்லை, மலை வளைகிற பக்கம் வளையும் என்று புருஷன் சொன்னான். வளைத்து அளந்தால் நாங்கள் சரிவு வெட்டி மண்ணை அள்ளிக் கீழே கொட்டிய இடம் வந்தது. நாலாவது தரம் நாடாவை நீட்டவில்லை. நான் அதைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அந்த அம்மாள் நாடாவை நம்பவே இல்லை. செருப்பில்லாத காலால் தானே நடந்தாள். இல்லாத தேயிலைக்குக் கையை நீட்டி, இரண்டு பக்கமும் தொட்டுக்கொண்டு போகிறவள் போல நடந்தாள். வாய் முணுமுணுவென்று எண்ணிக்கொண்டே போனது. எட்டு, ஒன்பது என்று வந்ததும் நின்றுவிடுவாள். திரும்பப் போய் முதலிலிருந்து தொடங்குவாள். வெயில் சாய்கிறவரைக்கும் அந்த வெளியில் அவள் போவதும் வருவதுமாக இருந்தாள். நாங்கள் நாலு பேரும் ஓரமாக நின்று பார்த்தோம். அவளுக்குப் பின்னால் ஏதோ சின்னதாக ஓடி ஓடி நின்றது என்று மனைவி பிறகு சொன்னாள். எனக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கொந்தராத்துக்காரர் அந்த வேளையில் தலையைக் குனிந்துகொண்டார்.

கடைசியில் அவள் மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

“எந்தப் பக்கம் பாத்துங்க சொல்றது?” என்று கேட்டாள். “இந்தப் பக்கம் பாத்துச் சொன்னா, அது அந்தப் பக்கம் இருந்தா?”

“எந்தப் பக்கம் சொன்னாலும் கேட்கும்,” என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லாமல் சொன்ன வார்த்தை.

“தூங்குற புள்ளங்க. பக்கத்துல போய் உசுப்பித்தான் சொல்லணும்.”

அந்தச் செடிகளில் ஒன்றையாவது கிளப்பித் தரட்டுமா, கொண்டு போகிறீர்களா என்று கேட்டேன். அவளுக்குக் கோபம் வந்தது அந்த ஒரு இடத்தில்தான். “செடியா ஐயா எம்புள்ள?” என்றாள்.

மனைவி போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெறும் மண்ணில், நல்ல சேலையோடு. இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. சிறிது நேரத்தில் அந்த அம்மாள் எழுந்து வந்து என் முன்னால் நின்றாள்.

“ஐயா, நீங்க இங்கதானே இருக்கப் போறீங்க. இந்த எடம் பூரா நடப்பீங்க. என்னைக்காவது ஒரு நாள் அதுக்குப் பக்கத்துல நிப்பீங்க. அப்ப சொல்லிருங்க. ஒங்க அம்மா கடலுக்கு அந்தப் பக்கம் போயிட்டா, இனிமே வரமாட்டா, தேடாதடான்னு சொல்லிருங்க. வீட்டுக்காரரு சொன்னா கேக்கும்.”

சொல்கிறேன் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? கீழே சிந்திய சோற்றை அவள் மண்ணோடு அள்ளி, இலையில் மடித்து, ஒரு இடம் என்றில்லாமல் இரண்டு ஏக்கர் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அவர்கள் பாதையில் இறங்கி நடந்தார்கள்.

மறுநாளே மேசனை நிறுத்தினேன். குவித்த கற்களைத் தனியாக எடுத்து ஓரமாக அடுக்கச் சொன்னேன். சாந்து வைத்துக் கட்டிவிட்ட மூலையில் எத்தனை போயிருந்தன என்று தெரியவில்லை. அவற்றை உடைத்தெடுக்க எனக்குத் தைரியமில்லை, அப்படியே விட்டேன். இதை மறைத்துப் பயனில்லை. சீதனக் காணியை விற்ற காசு முழுவதும் அந்த நிலத்தில் இறங்கியிருந்தது. அதை விட்டுவிட்டு நாங்கள் போவதற்கு வேறு இடமில்லை. கிடங்கைத் தள்ளி வெட்டலாம் என்றாலும், எங்கே தள்ளினாலும் அதன் மேல்தான் தள்ளுகிறோமோ என்ற பயம்.

மனைவி ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். “அந்தப் பிள்ளைக்குச் சொல்லுங்கோ. சொல்லாமல் நான் இந்த வீட்டுக்கு வரமாட்டன்.” பிறகு கேட்டாள், “பிள்ளையின்ர பேர் என்னவாம்?”

நான் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. ஒரு மத்தியானம் முழுக்க நாடாவைப் பிடித்துக்கொண்டு திரிந்தவன், பிள்ளைக்குப் பேர் என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டு முதல் பஸ்ஸில் பதுளை ஸ்டேஷனுக்குப் போனேன். தகரப் பெட்டிகளும் பாய்ச் சுருட்டுகளுமாகப் பிளாட்பாரம் நிறைந்திருந்தது. போகிறவர்களைவிட வழியனுப்ப வந்தவர்கள் அதிகம். ஒப்பாரி ஒரு ரயில் பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குத் தாவிக்கொண்டிருந்தது. மூன்றாம் வகுப்பில் ஜன்னலோரம் அவள் உட்கார்ந்திருந்தாள். அவளை வழியனுப்ப ஒருவரும் வரவில்லை. புருஷன் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து நிற்கப் பார்த்தாள்.

“உட்காருங்கம்மா,” என்றேன். “பிள்ளையுடைய பேரைக் கேட்க மறந்துவிட்டேன். அதற்குத்தான் வந்தேன்.”

அவள் தலையை ஆட்டினாள். “பேரு வேணாங்க ஐயா.”

“பேர் தெரியாமல் எப்படிச் சொல்வது?”

“பேரச் சொன்னா நான்தான் கூப்புடுறேன்னு நெனச்சிக்கிட்டு எந்திரிச்சு ஓடி வரும்யா. வந்து பாத்தா நான் இருக்க மாட்டேன்.” சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். “பேரு சொல்லாம, பொதுவாச் சொல்லிருங்க. அதுக்கு வெளங்கிரும்.”

ரயில் கிளம்பியது. நான் ஜன்னலோடு நாலு எட்டு நடந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. லுணுகலை மலை இருக்கிற திக்கைப் பார்த்துக்கொண்டே போனாள்.

ஸ்டேஷனிலிருந்து நேரே காணிக்குப் போனேன். மத்தியானம் ஒரு மணி இருக்கும். வேலையாட்கள் யாரும் இல்லை. சொல்ல வேண்டியதை பஸ்ஸிலேயே தயார் செய்து வைத்திருந்தேன். என் யாழ்ப்பாணத்துப் பேச்சு அதற்கு விளங்காமல் போய்விடக்கூடாது என்று அவள் பேசிய மாதிரியே மனப்பாடம் செய்திருந்தேன். நிலத்தின் நடுவே போய் நின்றேன். காற்று நின்றிருந்தது. என் முழங்காலுக்குப் பக்கத்தில் ஏதோ வந்து நிற்கிற மாதிரி இருந்தது. நான் கீழே பார்த்தேன். மண்தான் தெரிந்தது.

வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை.

அந்த நேரம்வரைக்கும் அதற்குத் தெரிந்தது, அம்மா மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள், வந்துவிடுவாள் என்பது மட்டும்தான். அது அதை நம்பிக்கொண்டு இருக்கிறது. இரண்டரை வயதுப் பிள்ளை. இனிமேல் வரமாட்டாள் என்று நான் சொன்னால் அது அழும். அழுதால் தூக்குவதற்கு அங்கே யார் இருக்கிறார்கள்? அதன் கல்லை எடுத்தேன், செடியை எடுத்தேன், நிரையை எடுத்தேன். மிச்சமிருந்த அதையும் எடுக்க என்னால் முடியவில்லை. நெடுநேரம் நின்றேன், வெயில் சுட்டது, அழுதேன் என்றும் சொல்ல வேண்டும். பிறகு பேசாமல் பாதைக்கு இறங்கி பஸ் பிடித்து வீட்டுக்குப் போனேன்.

மனைவி வாசல் படலையிலேயே காத்துக்கொண்டு நின்றாள்.

“சொல்லிப்போட்டியளோ?”

“ஓம், சொல்லிப்போட்டன்,” என்றேன்.

அவள் கண்ணை மூடிக் கையெடுத்துக் கும்பிட்டாள். நிறுத்திய வேலையைத் திரும்பத் தொடங்கி, அடுத்த ஆவணியில் வீடு முடிந்து குடிபுகுந்தோம். அவளுக்கு அந்த இடத்தில் இருந்த பயம் முழுவதும் போய்விட்டது. பகலில் சமையல் முடிந்ததும் வாசல் கதவைச் சாத்திவிட்டு நிம்மதியாகத் தூங்குவாள். நான் வீட்டில் இருக்கிற நாளில் எழுந்து போய் அதைத் திறந்து வைப்பேன். ஏன் என்று கேட்பாள். காற்று வரட்டும் என்பேன்.